ஊர் மருத்துவமனையில் உப்புநீர்: கைக்குழந்தைக்குக் குடல் செருகியபோது

எழுத வேண்டியது தஞ்சாவூர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் அறையைப் பற்றித்தான்.

உறவுக்காரர் வீட்டு ஏழு மாதக் குழந்தை. திடீரென்று வீறிட்டு அழும், காலை வயிற்றோடு மடக்கும், சில நிமிடத்தில் ஓய்ந்து துவண்டு கிடக்கும். கால் மணி நேரம் கழித்து மறுபடி அதே. விட்டு விட்டு வரும் இந்த அழுகைதான் குடல் செருகலைக் காட்டிக்கொடுப்பது. சளியோ வயிற்றுப்போக்கோ வந்துபோன பின் சிறுகுடலின் கடைக்கோடியில் நிணத் திட்டுகள் வீங்கும். அந்த வீக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு சிறுகுடல் பெருங்குடலுக்குள் நுழைந்துவிடும். 3 மாதத்திலிருந்து 3 வயதுக்குள்தான் பெரும்பாலும் வரும்.

வீட்டில் முதலில் ஓமத் தண்ணீர், வசம்பு. பிறகு புடவையில் போட்டு உருட்டி உரம் எடுத்தார்கள். வாந்தி பச்சையாக மாறியது. மலத்தில் ரத்தமும் சளியும் கண்டதும் தெருமுனை கிளினிக்கில் சீதபேதி என்று சிரப் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு முழுப் பகல் போயிற்று! ஜெல்லி மாதிரி ரத்த மலம் தாமதமாக வரும் அறிகுறி. செருகிய குடலின் ரத்த ஓட்டம் நெரிபடத் தொடங்கிய பிறகுதான் அது வரும். அழுகை எப்படி வந்தது, எப்படி ஓய்ந்தது, வாந்தி என்ன நிறம் என்று கேட்டு, வயிற்றை ஒரு தடவை அழுத்திப் பார்த்திருந்தால் வலப்பக்கம் கட்டி மாதிரி தட்டுப்பட்டிருக்கலாம். கேட்காமல் சிரப் எழுதுவதை இன்னும் எத்தனை வருடம் பொறுப்பது?

பெரிய மருத்துவமனைக்குப் போன பிறகு நடந்தது மனதை நிறைத்தது. வாய்வழி எதுவும் கொடுக்கவில்லை. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட்டார்கள். எடையில் கிலோவுக்கு 20 மில்லி கணக்கில் சலைன் (உப்புநீர்) ஏற்றி நாடித்துடிப்பைச் சரிக்குக் கொண்டுவந்த பிறகே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். செருகிய குடல் வளையத்துக்குள் வளையமாகத் திரையில் தெரிந்தது. குடல் சுவரில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று டாப்ளர் வைத்தும் பார்த்தார்கள். குழந்தை அறுவை மருத்துவர் பக்கத்திலேயே நின்றார்.

ஆசனவாய் வழியாக ஃபோலி குழாய், பலூனை ஊதி, நீர் கசியாதபடி பிட்டத்தைச் சேர்த்து பிளாஸ்திரி. உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிய சலைனை மேசைக்கு மேல் சுமார் 100 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டார்கள். நீரின் அழுத்தம் பின்னுக்குத் தள்ளத் தள்ள அந்த வளையம் வலது அடிவயிற்றை நோக்கிப் பின்வாங்கி மறைந்தது. அதோடு நிறுத்தவில்லை, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்து வால்வைத் தாண்டிச் சிறுகுடலில் நீர் நிரம்பும் வரை காத்திருந்தார்கள். அதைப் பார்க்காமல் முடித்தால் நுனியில் கொஞ்சம் செருகல் மிச்சமிருக்கக்கூடும். ஒரு முயற்சிக்கு 3 நிமிடம், அதிகபட்சம் 3 முயற்சி என்பது வழக்கமான கணக்கு.

லண்டனில் இதே வேலையை எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே காற்றால் செய்வார்கள். 80 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தொடங்கி 120-ஐத் தாண்ட மாட்டார்கள். அபூர்வமாகக் குடல் ஓட்டையானால் வயிறு காற்றால் உப்பி மூச்சை நெரிக்கும். அதை இறக்கத் தடித்த ஊசி கையோடு இருக்க வேண்டும். உப்புநீரில் கதிர்வீச்சே கிடையாது. பழகிய கையில் இரண்டு முறையிலும் பத்தில் எட்டுக் குழந்தைகளுக்கு மேல் கத்தி படாமல் தேறிவிடும். பிரிட்டனில் பல ஊர்களில் இதற்கென்றே தூரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் அனுப்புவார்கள். இங்கே எல்லாம் ஒரே மாடியில் முடிந்தது.

வயிறு பலகை போல இறுகியிருந்தால், குடல் ஏற்கெனவே ஓட்டையாகியிருந்தால், ரத்த ஓட்டம் சரிந்த அதிர்ச்சி நிலை தெளியாமல் இருந்தால் நீரும் கூடாது, காற்றும் கூடாது; நேராக ஆபரேஷன். அதிலும் குடலை உருவி இழுத்தால் கிழியும். மறுமுனையிலிருந்து பிதுக்கித் தள்ளித்தான் எடுக்க வேண்டும். அழுகிய பகுதியை வெட்டி இணைப்பார்கள்.

இவ்வளவு நேர்த்தியாகச் செய்தவர்கள் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் ‘வயிற்று வலி, சரியானது’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பத்தில் ஒரு குழந்தைக்கு மறுபடி செருகும், பலருக்கு முதல் இரண்டு மூன்று நாளிலேயே. லண்டனில் இதை அச்சடித்த தாளில் கொடுத்து அனுப்புவார்கள். எந்த இடத்தில் செருகியது, எத்தனை முயற்சியில் விடுபட்டது, பின்னால் எடுத்த ஸ்கேனில் என்ன தெரிந்தது, பாக்கி ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து இனிக் கொடுக்கக்கூடாது, அழுகை திரும்பினால் ராத்திரியானாலும் நேராக இங்கேயே வரவேண்டும்: இத்தனையும் சீட்டில் இருக்க வேண்டும். எழுதித் தரும்வரை கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.