இழுக்கிற சக்கரமா, தள்ளுகிற சக்கரமா? என் ஓட்டு முன்சக்கரத்துக்கே

ஐந்து ஆண்டுகள் பின்சக்கர இயக்கம் கொண்ட, அதாவது எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குப் போகும், ஒரு கூப்பே (இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருந்தேன். அதை விற்றுவிட்டு, முன்சக்கர இயக்கம் கொண்ட வேகமான ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கி இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாங்கிய புதிதில் பழைய கூட்டாளி ஒருவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பின்கதவைத் திறந்து மூடினார். "கடைசியில் நீங்களும் காய்கறி வாங்கப் போகும் வண்டிக்கு வந்துவிட்டீர்கள்" என்றார். அவரிடம் இன்றும் பின்சக்கர வண்டிதான். இரு தரப்புக்கும் நடக்கும் சண்டை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். பின்சக்கரக்காரர் கண்ணில் எதிர்த்தரப்பு ஓட்டத் தெரியாத கூட்டம்; முன்சக்கரக்காரர் கண்ணில் எதிர்த்தரப்பு மழை வந்தால் வண்டியை வெளியே எடுக்காத கூட்டம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டியின் பாரம் பின்பக்கம் சாய்கிறது. பின்சக்கரம் தள்ளும் வண்டிக்கு அது வரம். முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கோ, இழுக்க வேண்டிய நேரம் பார்த்துப் பிடிப்பு குறைகிறது. மறுபக்கம், 1959-ல் வந்த மினி எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்த நாளிலிருந்து, முன்சக்கர வண்டி சிறிய உடலுக்குள் நிறைய இடம் தருகிறது. எஞ்சினின் விசையைப் பின்பக்கம் வரை கொண்டுபோகும் நீண்ட தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டும் அதன் எடையும் இல்லை. இவற்றில் வாதாட ஒன்றுமில்லை.

கூப்பேயை நினைத்து இன்றும் ஏங்குகிறேன் என்பதை மறைக்க மாட்டேன். முன்சக்கரங்களுக்குத் திரும்புவதும் பிரேக் பிடிப்பதும் மட்டுமே வேலை என்பதால், ஸ்டியரிங்கில் எஞ்சினின் தலையீடு துளியும் இருக்காது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில், இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரைச் சற்றே அழுத்தினால் வால்பகுதி ஒரு சாண் வெளியே நகர்ந்து, மீதித் திருப்பத்தை அதுவே முடித்துக் கொடுக்கும். இந்த இன்பத்துக்காகவே செய்யப்பட்ட வண்டிகள் உண்டு. 2012-ல் வந்த டொயோட்டா 86-க்கு 200 குதிரைத்திறன்தான். டயர் அகலம் வெறும் 215 மில்லிமீட்டர். குறைந்த வேகத்திலேயே வண்டி விளையாட வேண்டும் என்று தெரிந்தே அப்படிச் செய்திருக்கிறார்கள். முன்சக்கர வண்டியில் இதற்கு ஈடு கிடையாது.

எங்கள் தரப்பின் மீது சுமத்தப்படும் பழைய குற்றச்சாட்டு, ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும் என்பது. ஒரு காலத்தில் அது முழு உண்மை. 2002-ல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ், 215 குதிரைத்திறனுக்கே ஓட்டுநரின் மணிக்கட்டோடு மல்லுக்கட்டும் வண்டி என்று பெயர் எடுத்தது. 2009-ல் அடுத்த ஃபோகஸ் ஆர்எஸ் 305 குதிரைத்திறனை அதே இரண்டு முன்சக்கரங்களுக்குக் கொடுத்தும் முன்பளவு முரண்டு பிடிக்கவில்லை. சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சைத் தனியாகப் பிரித்து, சக்கரத்தின் நடுவுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்ததுதான் காரணம். அந்த அச்சுக்கும் சக்கரத்தின் நடுவுக்கும் உள்ள இடைவெளி ஒரு நெம்புகோல். அது குட்டையானால் கையை இழுக்கும் விசையும் குறையும். ரெனோ மேகான் ஆர்எஸ், ஹோண்டா சிவிக் டைப் ஆர் வண்டிகளும் இதே வழியில்தான் தேறின. இதோடு, உள்சக்கரம் வீணாகச் சுழலாமல் விசையை வெளிச்சக்கரத்துக்குத் திருப்பிவிடும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் சேர்ந்தால், வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது வண்டியின் மூக்கு உள்பக்கம் இழுக்கப்படுவதை உணர முடியும். முதல்முறை அதை உணர்ந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் கணக்கையும் எங்கள் ஆட்கள் விடாமல் சொல்வார்கள். 2003-ல் பின்சக்கர பிஎம்டபிள்யூ எம்3 சிஎஸ்எல் அந்தத் தடத்தை 7 நிமிடம் 50 விநாடியில் சுற்றியது. 2019-ல் முன்சக்கர மேகான் ஆர்எஸ் டிராஃபி-ஆர் அதை 7 நிமிடம் 40.1 விநாடியில் முடித்தது. கேட்க இனிக்கிறது. ஆனால் நடுவே பதினாறு ஆண்டு டயர் வளர்ச்சி இருக்கிறது. அந்தப் பத்து விநாடியில் பாதிக்கு மேல் ரப்பருக்குச் சேர வேண்டியது என்பது என் ஊகம்.

என் முடிவும் ரப்பரில்தான் போய் நின்றது.

கூப்பேக்குப் பின்டயர் அகலம், முன்டயர் ஒடுக்கம். பார்க்க அழகு. ஆனால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட வழியில்லை. நான்கையும் சுழற்றி மாட்டிச் சமமாகத் தேய்க்கும் பேச்சுக்கே இடமில்லை. நல்ல பிடிப்புக்காகப் பின்சக்கரங்களின் தலை சற்று உள்பக்கம் சாய்ந்திருக்கும்படி அமைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட வண்டியில் டயரின் உள்விளிம்பு முதலில் தேயும். நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு வெளிவிளிம்பு மட்டுமே தெரியும்.

ஒரு மழை மாலை, நூறு முறை போன சாதாரண வளைவு, மூன்றாவது கியர். நான் எதையும் சீண்டவில்லை. ஆக்சிலேட்டரில் கால் பட்டும் படாமலும்தான் இருந்தது. வால் சட்டென்று வழுகியது. எச்சரிக்கை விளக்கு படபடவென்று மின்னி, வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு வண்டியை இழுத்து நிறுத்தியது. மறுநாள் ஜாக்கியில் தூக்கிப் பார்த்தேன். பின்டயரின் வெளிப்பக்கம் ரப்பர் வரிகளின் பள்ளம் 5 மில்லிமீட்டர். புதுசு போல இருந்தது. உள்பக்கம் கையை விட்டுத் தடவினேன். பள்ளமே இல்லை. இன்னும் உள்ளே போன விரலில் கம்பி குத்தியது. ரப்பர் முடிந்து எஃகு இழை வெளியே வந்திருந்தது. அந்த டயர்கள் ஓடியது 14,000 கிலோமீட்டர். ஆறு மாதத்துக்கு முன் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்த இடத்தில் "முன்னால் மட்டும் பார்த்தால் போதும்" என்று சொன்னார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். அவர்கள் மீது பாதிப் பழி என்றால் மறுபாதி என் மீது.

அன்றிலிருந்து எனக்குக் கேள்வி மாறிவிட்டது. எந்த வண்டி வேகம் என்பது போய், டயர் தேயும்போது எந்த வண்டி முன்கூட்டிச் சொல்கிறது என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. முன்சக்கர வண்டியில் முன்டயர்கள் இழுக்கின்றன, திருப்புகின்றன, பிரேக்கின் பெரும்பங்கையும் சுமக்கின்றன. ஆகவே பின்டயரைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் தேய்கின்றன. ஆனால் அந்தத் தேய்மானம் கைக்குத் தெரிகிறது. ஈரத்தில் கிளம்பும்போது சக்கரம் சுழல்கிறது, ஸ்டியரிங் லேசாகிறது, வளைவில் மூக்கு வெளியே ஓடுகிறது. காலை மெல்லத் தளர்த்தினால் வழிக்கு வந்துவிடுகிறது. பின்சக்கர வண்டியில் அதே தேய்மானம் நம் முதுகுக்குப் பின்னால் நடக்கிறது. மின்னணுக் கட்டுப்பாடு வேறு அதை மூடி மறைத்துக்கொண்டே வருகிறது.

என் ஹேட்ச்பேக்கில் நான்கு டயரும் ஒரே அளவு. 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னால் போடுகிறேன். நான்கும் ஏறக்குறைய ஒன்றாகத் தேய்கின்றன, ஒன்றாக மாற்றுகிறேன். இதிலும் ஒரு கண்ணி உண்டு. சோம்பலில் விட்டுவிட்டு, முன்டயர் வழவழப்பாகத் தேய்ந்த பிறகு அதைப் பின்னால் தள்ளினால், முன்சக்கர வண்டியும் வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வாலைத் திருப்பிவிடும். இரண்டு புது டயர் மட்டும் வாங்கினால், எந்தச் சக்கரம் இயங்கினாலும் அவற்றைப் பின்னால்தான் போட வேண்டும் என்று டயர் செய்பவர்களே சொல்வது இதனால்தான். காலை எடுத்தால் வாலைத் திருப்புவதற்குப் பேர்போன, 1984-ல் வந்த முன்சக்கர வண்டியான பெஜோ 205 ஜிடிஐ ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வித்தியாசம் பெரிதாகும் முன் சுழற்ற வேண்டும். விட்டுவிட்டால் சுழற்றவே கூடாது.

மற்றப் பராமரிப்பில் இரண்டும் சரிக்குச் சரி. பின்சக்கர வண்டியில் டிஃபரன்ஷியல் ஆயில், புரொப்பல்லர் ஷாஃப்டின் நடு பேரிங், அதன் ரப்பர் இணைப்பு என்று கூடுதலாக நாலு பொருள். முன்சக்கர வண்டியில் சக்கரம் திரும்பினாலும் அதற்கு விசையைக் கடத்தும் சிவி ஜாயிண்டின் ரப்பர் உறை கிழிந்தால் முழுதாகத் திருப்பும்போது டக்டக்கென்று சத்தம் வரும். கிளட்ச் மாற்றுவதென்றால் குறுக்கே நெருக்கியடித்து வைத்த எஞ்சினுக்குள் மெக்கானிக் கையை விட்டுத் திண்டாட வேண்டும்.

பந்தயத் தடத்தில் நான் ஓட்டியது மொத்தம் மூன்று நாள், ஆகவே இதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது சுற்றில் என் முன்டயர்கள் சூடேறி, ஸ்டியரிங் மந்தமாகி, வண்டி வெளியே வெளியே ஓடியது. பின்சக்கரத்தில் வந்தவர்கள் அலட்டிக்கொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வாரம்தோறும் தடத்துக்குப் போகிறவர் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஒரு வேடிக்கை. 2019-ல் பிஎம்டபிள்யூ தன் 1 சீரிஸ் வண்டியையே முன்சக்கரத்துக்கு மாற்றியபோது எங்கள் தரப்பு வென்றுவிட்டதாகக் கொண்டாடினோம். 2020-ல் ஃபோக்ஸ்வாகனின் மின்சார ஐடி.3 பின்சக்கர இயக்கத்தோடு வந்தது. 2023-ல் வோல்வோ தன் மின்சார எக்ஸ்சி40-ன் ஒற்றை மோட்டாரை முன்னாலிருந்து பின்னாலேயே கொண்டுபோய் வைத்தது. மின்மோட்டார் பின் அச்சிலேயே அடங்கிவிடும். ஷாஃப்ட் ஓட்ட வேண்டாம். காய்கறி வண்டிகள் எல்லாம் பின்சக்கரத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்று கூட்டாளியிடம் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

சென்ற மாதம் அவர் வண்டியருகே குந்தி உட்கார்ந்து பின்டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தேன், ஏதாவது கிடைக்கும் என்ற ஆசையில். விளிம்புக்கு விளிம்பு ஒரே பள்ளம். "என்னுடையதும் நான்கும் ஒரே அளவுதான். உங்களுக்கு வாய்த்த வண்டிக்காக ஒரு குலத்தையே ஏன் பழிக்கிறீர்கள்?" என்றார். மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா 86 போன்ற சிறிய பின்சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும்தான். என் கூப்பே அந்த ரகமாக இருந்திருந்தால் விற்றிருப்பேனா என்பது சந்தேகமே. பிறகு அவர் நிதானமாக என் முன்டயர் பக்கம் குனிந்தார். வெளிவிளிம்பு தேய்ந்து வரிவரியாக இருந்தது. சுழற்றி மாட்ட வேண்டிய கணக்கைக் கடந்து 1,000 கிலோமீட்டர் ஓடியிருந்தேன்.