பாங்கொக்கில் கடலுணவு உண்ணப் போகும் நம்மவர்கள் கவனத்துக்கு

கிளிநொச்சியிலிருந்து பயிற்சிக்காகத் தாய்லாந்துக்குப் போய்வந்த எங்கள் குழுவுக்கு நேர்ந்ததை, அடுத்துப் புறப்படவிருக்கும் விவசாய, மீன்பிடித்துறை உத்தியோகத்தர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

பயிற்சி முடிந்த மாலை, நாங்கள் சொன்ன உணவகம் பூட்டிவிட்டது என்று கூறிய முச்சக்கரவண்டிச் சாரதி, ஆற்றங்கரையிலிருந்த வேறொரு கடையில் எங்களை இறக்கிவிட்டார். ஆள் கொண்டுவரும் சாரதிக்குச் சில கடைகள் தரகுப்பணம் கொடுப்பதைப் பின்னர்தான் அறிந்தோம். படங்களுடன் இருந்த விலைப்பட்டியலில் கொடுவா 95 பாத், நண்டு 180 பாத் என்றிருந்தது. முல்லைத்தீவுக் கரையில் கிலோக் கணக்கில் மீன் வாங்கிப் பழகிய எங்கள் கண்ணில், விலைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த '100 கிராமுக்கு' என்பது படவேயில்லை. ஒரு தட்டின் விலை என்றே எண்ணிவிட்டோம். மீனை எங்கள் முன் நிறுக்கவும் இல்லை. தேசிக்காய்ப்புளியும் உள்ளியும் மிளகாயும் சேர்த்து ஆவியில் அவித்த அந்தக் கொடுவா அருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மீன் 1.8 கிலோ, நண்டு 1.4 கிலோ என்று 4,230 பாத் எழுதி, அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் 7 சதவீதம் வரியும் சேர்த்து 4,979 பாத் கேட்டார்கள். நன்னீர் மீன்வளர்ப்பில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மீன் ஒரு கிலோவைத் தாண்டியிருக்காது. நிறையைப் பற்றிக் கேட்டதும் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். முதன்முறையாக வெளிநாடு வந்த எங்கள் குழுத் தங்கை ஒருவர், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவென்று மிச்சம் பிடித்திருந்த நாளாந்தப் படியை எடுத்து நீட்டியதை நினைக்க இன்றும் மனம் வேகிறது. கையால் எழுதித் தந்த பற்றுச்சீட்டில், வரி அறவிடும் கடைக்கு இருக்க வேண்டிய 13 இலக்கப் பதிவெண் இல்லாததால், எங்கள் கணக்குப் பிரிவும் அதை ஏற்கவில்லை.

மறுநாள் சத்துச்சக் சந்தைக்கு எதிரேயுள்ள ஓ தோ கோ சந்தையில், எலுமிச்சைப்புல் திணித்து உப்புப் பூசிச் சுட்ட மீனை, எழுதியிருந்த விலைக்கே வாங்கி நிம்மதியாக உண்டோம். அங்கே போங்கள். வேறெங்கு போனாலும், சமைக்கக் கொடுக்கும் முன் உங்கள் கண்ணெதிரே நிறை பார்த்து, மொத்த விலையைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த இருவரும் வாசலில் நின்ற வேளையில் நாங்கள் அழைத்திருக்க வேண்டிய இலக்கம் 1155. அது சுற்றுலாப் பொலிசாருடையது, ஆங்கிலத்தில் பேசலாம்.