ஸ்பிரிட் ஐலண்ட் டேப்லெட்ல எப்படி இருக்கு: சேர்ந்து ஆடுறவங்களுக்காக ஒரு ரிவ்யூ

எல்லாரும் ஒரே கட்சியா நின்னு கேமையே எதிர்த்து ஆடுற கோ-ஆப் போர்டு கேமை டேப்லெட்ல ஆடினா அந்த சேர்ந்து ஆடுற சுகம் மிஞ்சுமான்னு நிறைய பேருக்கு சந்தேகம் இருக்கு. ஸ்பிரிட் ஐலண்ட் ஆப்பை நானும் தங்கச்சியும் ரொம்ப நாளா ஆடிட்டு இருக்கோம், லீவுக்கு வந்தா சித்தப்பா பையனும் சேந்துப்பான். எனக்கு தோணுனதை நேரா சொல்லிடுறேன்: இந்த கேமுக்கு டேப்லெட் அருமையா பொருந்துது, ஆனா டேப்லெட் யார் கைல இருக்குங்கறதை நீங்க கவனிக்கலைன்னா கோ-ஆப் கேம் ஒருத்தர் ஆட மத்தவங்க பாக்குற கேமா மாறிடும். இதை ஆப் சரி பண்ணாது, நாமதான் பாத்துக்கணும்.

முதல்ல கேம் பத்தி. 2017ல கிரேட்டர் தேன் கேம்ஸ் வெளியிட்டது, டிசைன் பண்ணவர் ஆர். எரிக் ராய்ஸ். ஆப் பண்ணது ஹேண்டலாப்ரா கேம்ஸ், 2020ல கம்ப்யூட்டருக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் டேப்லெட்டுக்கும் வந்துச்சு. நிறைய போர்டு கேம்ல நாம கப்பல்ல போய் இறங்கி, நிலத்தை பிடிச்சு, ஊர் கட்டி, பாயிண்ட் சேப்போம் இல்லையா, இதுல அப்படியே தலைகீழ், நாமதான் அந்த தீவோட ஆவிங்க. ஆறு, மின்னல், நிழல், மண்ணு, கடல்னு ஆளுக்கு ஒரு ஆவி, ஒவ்வொரு ஆவிக்கும் தனி பவர் கார்டுங்க, அதாவது அதோட சக்திங்க எழுதின கார்டுங்க இருக்கும். தீவுல ஏற்கனவே டாஹான்னு ஒரு ஜனங்க வாழ்ந்துட்டு இருக்காங்க, அவங்க நம்ம பக்கம். கப்பல்ல வந்து இறங்குறவங்கதான் எதிரி, அவங்களை ஆடுறது கேமே. இந்த கருவை எடுத்ததுக்காகவே எனக்கு இந்த கேம் மேல தனி மரியாதை உண்டு.

எதிரி எப்படி நடந்துப்பான்னு புரிஞ்சா பாதி கேம் புரிஞ்ச மாதிரி. தீவுல காடு, மலை, மணல், சதுப்புன்னு நாலு வகை நிலம். ஒவ்வொரு ரவுண்டும் ஒரு சீட்டு திறக்கும், அதுல என்ன நிலம் வருதோ அங்க எக்ஸ்ப்ளோரர், அதாவது முதல்ல வேவு பாக்க வர்ற ஆள், வருவான். அடுத்த ரவுண்டு அதே சீட்டு நகந்து பில்ட்ல உக்காரும், அந்த வகை நிலத்துல ஆள் இருந்தா டவுனோ சிட்டியோ கட்டிடுவாங்க. அதுக்கு அடுத்த ரவுண்டு அதே சீட்டு ராவேஜ்ல உக்காரும், அப்ப அங்க இருக்கற நிலத்தையும் டாஹான் ஜனங்களையும் நாசம் பண்ணுவாங்க. எக்ஸ்ப்ளோரர் 1, டவுன் 2, சிட்டி 3 டேமேஜ். நிலத்துக்கு 2 டேமேஜ் விழுந்துட்டாலே பிளைட் வரும், அதாவது அந்த மண்ணு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், நம்ம ஆவி அங்க இருக்குன்னு காட்ட வெச்ச துண்டுல ஒண்ணும் போயிடும், ஏற்கனவே பிளைட் இருந்த நிலம்னா பக்கத்து நிலத்துக்கும் பரவும். ஆக, எங்க அடி விழப்போகுதுன்னு நமக்கு முன்னாடியே தெரியும், தெரிஞ்சும் எல்லாத்தையும் தடுக்க கை பத்தாது. எதை காப்பாத்துறது எதை விடுறதுன்னு பேசி முடிவு பண்றதுதான் இந்த கேமே.

இப்ப பெட்டியில வாங்கி மேஜைல ஆடுறவங்களை கேட்டுப்பாருங்க, ஆடுற நேரத்துல பெரிய பங்கு கணக்கு பாக்குறதுலயே போகும். ஒவ்வொரு நிலத்துலயும் யார் எத்தனை பேர், டிஃபெண்டுக்கு, அதாவது நாம வெச்ச தடுப்புக்கு, டேமேஜ்ல எவ்ளோ கழிக்கணும், உயிரோட இருக்கற டாஹான் திருப்பி எவ்ளோ அடிப்பாங்க, எதிரிக்கு நம்ம மேல பயம் எத்தனை சேந்துச்சு, கார்டுல குறிச்சிருக்கற தண்ணி, நெருப்பு மாதிரி எட்டு வகை எலிமெண்ட்ல எது எத்தனை கையில இருக்கு, அது எந்த பவரை திறக்கும்னு எல்லாமே நாமதான் எண்ணணும். ஒரு நிலத்தை மறந்துட்டோம்னா அந்த ஆட்டமே தப்பாயிடும். ஆப் இதை மொத்தமா எடுத்துக்குது. கார்டை தொட்டா அது எந்தெந்த நிலத்துல செல்லும்னு காட்டுது, செல்லாத இடத்துல போட விடாது. ராவேஜ் கணக்கை அதுவே போட்டு முடிச்சுடுது. எடுத்து வைக்கிற வேலையும் இல்ல, திரும்ப அடுக்கி உள்ள வைக்கிற வேலையும் இல்ல. பெட்டி மேல 90லருந்து 120 நிமிஷம்னு போட்டிருப்பாங்க, புதுசா ஆடுறவங்க மேஜைல அதுக்குள்ள முடிக்கறது கஷ்டம், டேப்லெட்ல சாப்பாட்டுக்கு அப்புறம் உக்காந்தா தூங்க போறதுக்குள்ள ஒரு ஆட்டம் நிம்மதியா முடியுது.

இப்படி மிச்சமாகுற நேரம் முழுக்க பேச்சுக்கு போகுது, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். ஒரு உதாரணம் சொல்றேன். நான் மின்னல், தங்கச்சி ஆறு. ஒரு மணல் நிலத்துல ரெண்டு டவுனும் ஒரு எக்ஸ்ப்ளோரரும், அந்த ரவுண்டு மணலுக்கு ராவேஜ், மொத்தம் 5 டேமேஜ், அங்க ஏற்கனவே பிளைட் வேற, அடி விழுந்தா பக்கத்துலயும் பரவும். அவ கைல வாஷ் அவே கார்டு இருக்கு, மூணு எக்ஸ்ப்ளோரர் டவுன் வரைக்கும் பக்கத்து நிலத்துக்கு அடிச்சு தள்ளிடலாம். ஆனா அது ஸ்லோ கார்டு, ஸ்லோன்னா எதிரி எல்லாம் பண்ணி முடிச்சதுக்கு அப்புறம்தான் வேலை செய்யும், அப்ப தள்ளி என்ன புண்ணியம், நிலம் போயிருக்கும். நான் என் கார்டை வெச்சு ஒரே ஒரு டவுனை உடைக்கலாம்னு கணக்கு பண்ணிட்டு இருக்கேன், அதுல பிளைட் நிக்காது. அவதான் என் கார்டு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா பெருசாக்கி படிச்சுட்டு, "அண்ணா, இதை எனக்கு போடேன்"னு காட்டுனா. லைட்னிங்ஸ் பூன். அதை யாருக்கு குடுக்கறோமோ அவங்க ரெண்டு பவரை அந்த ரவுண்டு ஃபாஸ்டா, அதாவது எதிரி ஆடுறதுக்கு முன்னாடியே பயன்படுத்தலாம். நான் அதை அவளுக்கு போட்டேன், வாஷ் அவே ஃபாஸ்ட் ஆச்சு, மூணு பேரையும் பக்கத்து காட்டுக்குள்ள தள்ளிட்டா, காட்டுக்கு அந்த ரவுண்டு பில்டும் இல்ல ராவேஜும் இல்ல. மணல்ல ராவேஜ் வந்துச்சு, நாசம் பண்ண ஆளே இல்ல, ஒண்ணும் நடக்கல. ரெண்டு பேரும் கைதட்டினோம். ஒருத்தர் கார்டை இன்னொருத்தர் படிச்சு கண்டுபிடிச்ச அந்த சந்தோஷம் தனியா ஆடுறப்ப வரவே வராது.

இதுல கவனிங்க, அவ படிச்சதாலதான் அது நடந்துச்சு. டேப்லெட் அப்ப அவ கைல இருந்துச்சு. மேஜைல பெட்டி கேம் ஆடுறப்ப எல்லார் கார்டும் எல்லார் கண்ணு முன்னாடியும் விரிஞ்சு கிடக்கும், டேப்லெட்ல யார் கைல ஸ்கிரீன் இருக்கோ அவங்க பாக்குறதைத்தான் மத்தவங்களும் பாக்கணும். அவங்க வேற ஆவியோட கார்டுக்கு போயிட்டா நீங்க யோசிச்சுட்டு இருந்தது கண்ணுலேருந்து போயிடும். கோ-ஆப் கேம் எல்லாத்துக்குமே இருக்கற பழைய நோய் இது, நல்லா ஆடத் தெரிஞ்ச ஒருத்தர் எல்லாருக்கும் சேத்து முடிவு பண்ணிடுவார். மேட் லீகாக் டிசைன் பண்ணி 2008ல வந்த பேண்டமிக்ல இதை நிறைய பேர் அனுபவிச்சிருப்பீங்க, நீ இங்க போ, நீ அங்க போன்னு ஒரே குரல் கேக்கும். ஸ்பிரிட் ஐலண்ட் இந்த நோய்க்கு டிசைன்லயே மருந்து வெச்சிருக்கு. ஒவ்வொரு ஆவியும் ஆடுற விதமே வேற, கார்டு வேற, வளர்ற முறை வேற, எல்லாரோட கையையும் ஒரே மண்டையில ஏத்தி யோசிக்கறது கஷ்டம், அதனால தன்னாலயே அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாப்பாங்க. ஆனா டேப்லெட் ஒரே கைல இருந்தா அந்த மருந்தோட பவர் குறையுது, அது உண்மை.

நாங்க வெச்சிருக்கற முறை இது. ஆவி யாரோடதோ அவங்க கைலதான் டேப்லெட், தொடறது அவங்க மட்டும்தான், மத்தவங்க வாயால சொல்லலாம், விரல் நீட்டி தொடக்கூடாது. எதிரி ஆடுற நேரத்துல டேப்லெட்டை நடுவுல படுக்க வெச்சுடுவோம், எல்லாரும் சேந்து பாப்போம். அப்புறம், அவசரப்பட்டு அடுத்த கட்டத்துக்கு போற பட்டனை தட்டுறதுக்கு முன்னாடி எல்லாரும் சரின்னு வாயால சொல்லணும். போட்டதை திரும்ப எடுத்துக்கற வசதி இருக்குதான், இருந்தாலும் புது சீட்டு திறந்துட்ட பிறகு பின்னாடி போனா எனக்கு மனசு ஒப்பல, தெரிஞ்சுகிட்டு ஆடுற மாதிரி ஆயிடும். டிவியோட இணைச்சு பெரிய ஸ்கிரீன்ல போட முடிஞ்சா இன்னும் நல்லது, மூணு பேருக்கு மேலன்னா அதுதான் ஒரே வழின்னு சொல்வேன். ஆளுக்கு ஒரு டேப்லெட்டோட ஆன்லைன்ல சேந்தும் ஆடலாம், வெளியூர்ல இருக்கறவங்களோட ஆட வசதி, ஆனா பேசிக்கறதுக்கு தனியா ஒரு கால் போட்டுக்கங்க, பேச்சு இல்லாம இதை ஆடவே கூடாது.

ஸ்கிரீன் பத்தி சொல்லியே ஆகணும். சின்ன டேப்லெட்னா வேணாம். கார்டு எழுத்து பொடிசு, ஒவ்வொண்ணையும் தொட்டு பெருசாக்கித்தான் படிக்கணும், 10 இன்ச் இருந்தா பரவால்ல, 8 இன்ச்ல ரெண்டு பேர் தலையை முட்டிக்கணும். போனுக்கும் ஆப் இருக்கு, தனியா ஆடுறதுன்னா சரி, சேந்து ஆட லாயக்கில்ல. தீவை 3டி படமாவும் பாக்கலாம், பெட்டியில வர்ற போர்டு மாதிரி பழைய பாணிலயும் பாக்கலாம். 3டி பாக்க அழகு, முதல் ஆட்டத்துக்கு வெச்சுக்கங்க, அப்புறம் மாத்திடுங்க. எது டவுன் எது சிட்டின்னு தூரத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு பழைய பாணிலதான் சட்டுனு தெரியுது. மியூசிக் நல்லா பண்ணிருக்காங்க, ஒவ்வொரு ஆவிக்கும் தனி இசை, ஆட்டத்தோட போக்குக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்குது, ஆனா நடுவுல பேச்சு கேக்கணும்னா சத்தத்தை பாதியா குறைச்சுக்கணும்.

தமிழ் கிடையாது. இது வெறும் ரெண்டு வரி குறை இல்ல, ஏன்னா இந்த கேம் முழுக்க கார்டுல எழுதியிருக்கறதுலதான் ஓடுது. இங்கிலீஷ் சரளமா படிக்கறவங்களுக்கு பிரச்சனை இல்ல. அம்மா அப்பாவோட ஆடணும்னா ஒருத்தர் படிச்சு சொல்லிட்டே இருக்கணும், படிச்சு சொல்றவர் கொஞ்ச நேரத்துல முடிவும் எடுக்க ஆரம்பிச்சுடுவார், மறுபடியும் அதே நோய். எழுத்தை விட படமா காட்டுற இடங்களை அதிகப்படுத்தினா எவ்ளோ பேர் உள்ள வருவாங்க, அதுதான் என் ஆதங்கம்.

இன்னொரு குறை, ஆப் கணக்கை அதுவே போட்டுடறதால ஏன் இப்படி நடந்துச்சுன்னு புதுசா வர்றவங்களுக்கு புரியறதில்ல. பிளைட் பக்கத்து நிலத்துக்கு பரவுறப்ப ஸ்கிரீன்ல டக்குனு ஒண்ணு நடந்து முடிஞ்சுடும், சித்தப்பா பையன் முதல் ஆட்டத்துல "என்ன ஆச்சு இப்ப?"ன்னு கேட்டுட்டே இருந்தான். மேஜைல கையால எண்ணி வெச்சு ஆடுறவங்களுக்கு விதி தானா மனசுல பதியும், இங்க பதியாது. அதனால புது ஆள் இருந்தா ராவேஜ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிலத்தையாவது வாயால எண்ணிக் காட்டுங்க. ஒரு எக்ஸ்ப்ளோரர், ஒரு டவுன், சேத்து 3. நாம 2 டிஃபெண்ட் வெச்சிருக்கோம், மிச்சம் 1, நிலம் கெடாது. டாஹானுக்கு ஆளுக்கு 2 உயிர், 1 டேமேஜ்ல யாரும் சாகமாட்டாங்க. ரெண்டு டாஹான் இருந்தா திருப்பி 4 அடிப்பாங்க, டவுனும் போச்சு எக்ஸ்ப்ளோரரும் போச்சு. டவுன் உடைஞ்சதுக்கு ஒரு பயம் நமக்கு வரவு. இந்த ஒரு கணக்கு புரிஞ்சுட்டா அப்புறம் அவங்களே "டாஹானை அங்க கூட்டிட்டு போவோமா"ன்னு பேச ஆரம்பிச்சுடுவாங்க.

ஜெயிக்கற முறையையும் முதல்லயே விளக்கிடுங்க, இல்லன்னா முடிவே இல்லாத கேம் மாதிரி தோணும். ஆரம்பத்துல தீவுல எதிரி ஒருத்தர்கூட இல்லாம துடைச்சாதான் ஜெயிப்பு, அது நடக்கற காரியம் இல்ல. பயம் சேர சேர விதி இளகும், அடுத்த கட்டத்துல டவுனும் சிட்டியும் இல்லன்னா போதும், அதுக்கடுத்து சிட்டி மட்டும் இல்லன்னா போதும், பயம் முழுசா நிறைஞ்சுட்டா அப்பவே ஜெயிச்சாச்சு. ஒரு ரவுண்டுக்கு முன்னாடி தோக்கப்போறோம்னு நினைச்ச ஆட்டம் ஒரே ஒரு சிட்டி உடைஞ்சதும் ஜெயிப்பா மாறும், அந்த நேரத்துல எல்லாரும் ஒண்ணா எழுந்திரிப்பாங்க.

யார் வாங்கலாம்னா, ரெண்டு பேர் பொறுமையா யோசிச்சு ஆட விரும்புறவங்களுக்கு கண்ணை மூடிட்டு சொல்வேன். குட்டிப் பசங்களோட ஆடணும்னா இது வேணாம், சிக்கல் அதிகம். அரட்டைக்கு நடுவுல சும்மா ஒரு கை போடலாம்னு நினைக்கறவங்களுக்கும் இது ஒத்து வராது. பெட்டியே வீட்ல இருக்குன்னா மூணு நாலு பேர் கூடுற அன்னைக்கு பெட்டியை எடுங்க, ரெண்டு பேர் மட்டும் இருக்கற ராத்திரிக்கு டேப்லெட்டை எடுங்க, நாங்க அப்படித்தான் பண்றோம்.

ஆரம்பிக்கறவங்க ஆறு, மின்னல், மண்ணு, நிழல் இந்த நாலுல எடுங்க, இதுங்கதான் கத்துக்க சுலபம். அதுலயும் ரெண்டு பேருன்னா ஒருத்தர் மின்னல் இன்னொருத்தர் ஆறு, மேல சொன்ன மாதிரி ஒண்ணுக்கொண்ணு நல்லா சேரும். மண்ணு மெதுவா வளரும், ஆனா அது ஆழமா உக்காந்த நிலத்துல தானாவே 3 டிஃபெண்ட் கிடைக்கும், பயந்து பயந்து ஆடுறவங்களுக்கு ஏத்தது. கடல் ஆவியை பாத்ததும் எடுக்கணும்னு ஆசை வரும், எதிரியை இழுத்து கடல்ல மூழ்கடிக்கும், ஆனா கரையை விட்டு ரொம்ப உள்ள போக முடியாது, அதனால உள்நாட்டை பாத்துக்க கூட ஒருத்தர் பலமா இருந்தாதான் அது கரையேறும். இங்கிலாந்து, ஸ்வீடன்னு தனி குணத்தோட வர்ற எதிரிகளை முதல் சில ஆட்டத்துக்கு தொடாதீங்க.