ஏழு பேரா, பத்துப் பேரா?

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் ஒரு பயிற்சியாளர் எத்தனை பேரை மாற்றி மாற்றி இறக்கலாம்? ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆகப் பங்கிட 200 ஆள்-நிமிடங்கள்.

நேரம்: ஏழு பேர் என்றால் முக்கிய ஆட்டக்காரருக்கு 33, 35 நிமிடம். பத்துப் பேர் என்றால் சராசரி 20தான். நட்சத்திரம் முகம் சுளிக்கும்.

ஃபவுல் (விதிமீறல்): ஒருவருக்கு ஐந்தானால் வெளியே. ஏழு பேரோடு ஆடும் சின்ன அணியில் சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமானவர்) முதல் பாதியிலேயே இரண்டு வாங்கினால் சிக்கல்தான். சிரக்யூஸ் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்த ஜிம் பேஹைமுக்கு 2-3 ஸோன் தடுப்பு (முன்னால் இருவர், பின்னால் மூவர், ஆளுக்கொரு பகுதியைக் காப்பது) கைகொடுத்தது.

மூச்சு: சின்ன அணிக்கு ஒரு வழி உண்டு. பாதிக்கு நான்கு தொலைக்காட்சி இடைவேளைகள். பாதி முடிய 12 நிமிடம் இருக்கையில் வரும் இடைவேளைக்குச் சற்று முன் முக்கிய ஆட்டக்காரரை உட்காரவைத்தால், ஆட்ட நேரம் அதிகம் வீணாகாமல் ஓய்வு கிடைக்கும்.

காயம்: 2014-15இல் கென்டக்கி பல்கலைக்கழக அணி ஐந்தைந்து பேராக மாற்றி இறக்கியது. அதன் ஆட்டக்காரர் அலெக்ஸ் பாய்த்ரஸின் முழங்கால் போனதும் அந்த முறை கலைந்தது. ஆனாலும் ஆள் பஞ்சமில்லை, முதல் 38 ஆட்டமும் வெற்றி.

எதிரணியை முழு மைதானமும் நெருக்கி ஆடுவதென்றால் பத்துப் பேர் வேண்டும். நிதானமாக, செட் ஆட்டம் (முன்பே வகுத்த நகர்வுகள்) ஆடுவோருக்கு ஏழெட்டுப் பேர் போதும்.