ஓடிடியில் தகஹாதா: குலசேகரத்துச் சந்தாதாரரின் மதிப்பீடு

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் இசாவோ தகஹாதாவின் படங்களைப் பார்ப்பதற்காகவே ஓர் ஓடிடி சேவைக்கு மூன்று மாதச் சந்தா கட்டினேன். படத்தின் தெளிவில் குறையில்லை. ஆனால் தேடுமிடத்தில் அவருடைய பெயரை இட்டால் எதுவுமே வருவதில்லை. படத்தின் பெயரை அறிந்தவருக்கே படம் கிடைக்கிறது. 1985இல் இயக்குநர் ஹயாவோ மியாசாகியோடு சேர்ந்து ஜிப்லி என்ற அனிமேஷன் ஸ்டுடியோவைத் தொடங்கியவருக்கு இது பெருங்குறை.

அதைவிட வருத்தம் தந்தது, 1988இல் வந்த 'மின்மினிகளின் கல்லறை' சிறுவர் வரிசையில் இருந்தது. ஒன்பது வயதில் ஒகயாமா நகர்மீது குண்டு பொழிந்த இரவில் உயிர் தப்பியவர், போரில் பசியால் மடியும் அண்ணன் தங்கையைப் பற்றி எடுத்த படம் அது. பிள்ளைகளைத் தனியே பார்க்க விடாதீர்கள்.

நான் முதலில் பரிந்துரைப்பது 1991இல் வந்த 'ஒன்லி யெஸ்டர்டே'. டோக்கியோவில் வேலை பார்க்கும் தயெகோ, யாமகாதா என்ற ஊர்ப்புறத்து வயல்களில், சிவப்புச் சாயம் தரும் குசும்பாப் பூப் பறிக்கப் போகிறாள். பனியில் அந்தச் செடியின் முள் இளகியிருக்கும் விடியலிலேயே பறிக்க வேண்டும். இருபது ஆண்டுகள் விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போன என் அம்மா, அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1966ஆம் ஆண்டு நினைவாக வரும் காட்சியொன்றில், தயெகோவின் குடும்பம் முதன்முறையாக ஒரு முழு அன்னாசியை வாங்கி, வெட்டத் தெரியாமல் வைத்திருந்து, பிறகு தின்று ஏமாறுகிறது. சிறுமி தயெகோ மட்டும் விடாமல் மென்றுகொண்டிருக்கிறாள். இளம் ரப்பர் மரங்களுக்கிடையே அன்னாசி விளையும் எங்கள் ஊரில், அம்மாவுக்கு அவர்கள்மேல் இரக்கமே வந்துவிட்டது. பெரிதாக ஒன்றும் நிகழாத இத்தகைய பொழுதுகளை முழுப் பொறுமையோடு காட்டியதுதான் தகஹாதாவின் கொடை என்று நான் கருதுகிறேன். தாம் ஓவியரல்லர் என்றாலும், வளர்ந்த தயெகோவின் பகுதிக்கு முதலில் குரலைப் பதிவு செய்து, அதற்கேற்பக் கன்னத்தின் கோடுகள்வரை வரையச் செய்தார். ஆகவே ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள். தயெகோ அங்கே பழகும் இளம் விவசாயி தோஷியோவின் யாமகாதா வட்டாரப் பேச்சு, குமரித் தமிழ் பேசும் நமக்கு அந்நியமாகப் படாது.

தமிழ் வசனவரி இல்லாததால் அம்மாவுக்கு வரிவரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. 2013இல் வந்த, தகஹாதாவின் கடைசிப் படமான 'இளவரசி ககுயாவின் கதை', நீர்வண்ணமும் கரிக்கோடுமாக விரிவது. அதைக் கைப்பேசியில் பார்த்தால் பாதி கோடுகள் தெரிவதில்லை; தொலைக்காட்சியில் இணைத்துப் பாருங்கள்.