பிரம்படிக்கும் உப்புக் காத்துக்கும் நிற்குமா? படகுப் பட்டறை ஃபைபர் குன்பாய்

கவசம் மாட்டிக்கொண்டு பிரம்பால் மோதும் ஆட்டத்தில் ஜப்பான் போர் விசிறியைக் கேடயமாகப் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஆன்லைனில் கிடைக்கும் இரும்பு மடக்கு விசிறியைத்தான். அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கும், குன்பாய் என்கிற மடங்காத விசிறியைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு. விலை 3,200 ரூபாய், எடை ஒன்றரைக் கிலோ. குறை இருக்கிறது, ஆனால் கேடயம் என்று சொல்லத் தகுந்த பொருள்.

ஜப்பான் போர் விசிறி என்று ஒரே பெயரில் விற்பவை உண்மையில் வேறு வேறு பொருள்கள். மடங்கும் இரும்பு விசிறிக்கு டெஸ்ஸென் என்று பெயர். வெளியே இரண்டு தடித்த எலும்பு, உள்ளே மெல்லிய எலும்புகள், எல்லாம் அடியில் ஒரே ஆணியில் கோத்திருக்கும். அந்த ஆணிக்கு ஜப்பானில் கனமே என்று பெயர். விரித்துப் பிடித்து ஓர் அடி வாங்கினால் மொத்த விசையும் அங்கேதான் இறங்கும். ஆணி வளையும், எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கும், அதற்குள் பிரம்பு சரிந்து விரல் கணுவில் விழுந்துவிடும். போதாததற்கு விளிம்பு முழுக்க மெல்லிய தகடு. எதிராளியின் முகக் கம்பிக்குள் நுழையக்கூடிய எதையும் நடுவர் களத்துக்குள் விடக்கூடாது. மடக்கினால் அது ஒரு சாண் சொச்சம் நீளமுள்ள இரும்புக் கட்டை, அவ்வளவுதான்.

குன்பாய் வேறு. நம்மூர்ப் பனையோலை விசிறி மாதிரி மடங்காத பலகை, கீழே கைப்பிடி. தளபதிகள் சைகை காட்ட வைத்திருந்தது; இன்றைக்கும் சுமோ மல்யுத்தத்தில் நடுவர் கையில் இருப்பது இதுதான். 1561-இல் கவானகஜிமா போரில் உயேசுகி கென்ஷினின் வாள் வீச்சுகளை டகேடா ஷிங்கென் உட்கார்ந்த இடத்திலிருந்தே குன்பாயால் தடுத்தார் என்பது செவிவழிக் கதை. கதையாகவே இருந்தாலும் ஒன்றைக் கவனிக்கலாம்: அதில்கூட அது கேடயமாக வந்தது வேறு வழியில்லாத நேரத்தில்தான்.

இனி செய்நேர்த்தி. நடுவில் 6 மி.மீ. மெரைன் பிளைவுட், முன்பக்கம் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள கண்ணாடி இழை மேட் இரண்டு அடுக்கு, பின்பக்கம் ஓர் அடுக்கு. பலகை 45 செ.மீ. உயரம், 35 செ.மீ. அகலம். கைப்பிடி 16 செ.மீ.; தனியாக ஒட்டாமல், ஒரே கருவேலங்கட்டை பலகையின் உச்சி வரை முதுகெலும்பாக ஓடுகிறது. பழைய குன்பாய்களிலும் காம்பு இப்படித்தான் பலகை நெடுக ஓடும். பட்டறைக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது பெரிய ஆறுதல். கைப்பிடியை மட்டும் இரண்டு போல்ட்டில் முடுக்கிய மலிவான பலகைகள் முதல் பலமான அடியிலேயே போல்ட் துளையிலிருந்து பிளந்துவிடும்.

பலவீனம் இடுப்பில் இருக்கிறது. குன்பாய்க்குச் சுரைக்குடுக்கை போல நடுவில் ஒடுங்கும் வடிவம். அந்த உள்வளைவு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு சீக்கிரம் அங்கே விரிசல் விழும். பளபளக்கும் கருப்பு ஜெல்கோட்டின் (ரெசின் மேல்பூச்சின்) மேல் முதலில் வெள்ளை மயிரிழை போல ஒரு கோடு தெரியும். நகத்தால் வருடினால் தட்டுப்படாது. அந்த நேரத்தில் ஒரு ரூபாய்க் காசால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் ‘டிக்’ என்று கெட்டியாகக் கேட்கும். ‘டொப்’ என்று அடங்கிக் கேட்டால் உள்ளே மேட் பிளைவுட்டை விட்டுக் கழன்றுவிட்டது என்று அர்த்தம். அதோடு விளையாடக்கூடாது. கண்ணாடி இழை பிசிறிக் கையுறைக்குள் ஏறினால் அரிப்பு லேசில் விடாது. செய்யச் சொல்லும்போதே உள்வளைவை 5 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வெட்டச் சொல்லி, இரண்டு இடுப்பிலும் நான்கு விரல் அகல மேட் துண்டு ஒன்று கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். எடை பெரிதாக ஏறிவிடாது.

சொந்தமாகச் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வெயிலில் 100 கிராம் ரெசினுக்கு அதை இறுக வைக்கும் ஹார்டனர் 1 கிராம் போதும். 2 கிராம் விட்டால் ரோலர் ஓட்டி முடிப்பதற்குள் கட்டியாகி, காற்றுக் குமிழ் உள்ளேயே தங்கிவிடும். பின்னால் ‘டொப்’ சத்தம் வருவது அந்தக் குமிழ்களிலிருந்துதான். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிவிட்டு அதன் பிறகே ஹார்டனர் விட வேண்டும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். வார்த்த பலகையை ஒரு வாரம் நிழலில் போட்டு வைத்த பிறகே அடி வாங்க விட வேண்டும்.

பிடிப்பதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சிலம்பத்தில் மான் கொம்பு பிடித்துப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே கைக்குத் தெரியும். மான் கொம்பில் பிடி நடுவில். அடி நேராக முஷ்டிக்கு வந்து முழங்கையில் அடங்கும். விசிறியில் பிடி அடியில். உச்சியில் ஓர் அடி விழுந்தால் முஷ்டிக்கும் அந்த இடத்துக்கும் அரை மீட்டருக்கு மேல் தூரம். மணிக்கட்டு பின்னால் மடிந்து, தன் பலகையே தன் தலைக்கவசத்தில் மோதும். ஓரத்தில் விழுந்தால் கைப்பிடி முஷ்டிக்குள் சுழன்றுவிடும். அதனால் அடியை எதிர்த்து நிறுத்தக் கூடாது. முழங்கையை விலாவோடு வைத்து, கட்டைவிரலை முதுகெலும்பின் மேல் நீட்டி, பலகையைச் சாய்த்துப் பிரம்பை வழுக்கிப் போக விட வேண்டும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பலகையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வாங்குங்கள். இந்த அளவில் தொடையைக் காக்க முடியாது. கால் நகர்த்தத் தெரியாதவர் இதை எடுக்காமல் இருப்பதே நல்லது.

கையுறையில் கஞ்சத்தனம் வேண்டாம். அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய எஸ்.சி.ஏ. என்ற இடைக்காலப் போர் ஆட்டச் சங்கத்தின் விதிகளின்படி ஆடுகிறவர்கள் பிடிக்கும் பிரம்பு ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாது. தலைக்கவசத்துக்கே 16 கேஜ் (சுமார் ஒன்றரை மி.மீ. தடிப்பு) இரும்பு கேட்கிறார்கள். அங்கே கை குறி அல்ல என்றாலும் வழுக்கி வரும் பிரம்புக்கு அது தெரியாது. சாதாரணக் கேடயத்தில் கை பின்னால் ஒளிந்திருக்கும். விசிறியில் வெட்டவெளியில் நிற்கும். விரல் நுனி வரை மூடும் இரும்புக் கையுறை இல்லாமல் இதைத் தொடக்கூடாது. மழுங்கிய இரும்பு வாளால் மோதும் ஆட்டத்துக்கு இந்த ஃபைபர் பலகை ஆகவே ஆகாது.

விளிம்புக்குப் பட்டறையில் ஓஸ் பைப்பை நெடுக்காகக் கீறிச் செருகி, 6 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு நைலான் நரம்பால் தைத்துத் தருகிறார்கள். தையல் நன்றாக இருக்கிறது. ஆனால் துளைக்குள் ரெசின் பூசவில்லை. அது வழியாக ஈரம் பிளைவுட்டுக்குள் இறங்கும். ஒரு மழைக்காலம் போனால் விளிம்பு ஊதிவிடும். கேட்டால் பூசித் தருகிறார்கள், கேட்க வேண்டும்.

இரும்பு என்று இதில் இருப்பது நான்கு போல்ட்தான். பாம்பன் பாலத்துக்கு ஓயாமல் பெயிண்ட் அடிக்க வைத்த அதே உப்புக் காத்துதான் இங்கேயும் வீசுகிறது. சாதாரண போல்ட் போட்டால் சில வாரத்தில் துருக் கறை இறங்கும். கடல் உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், நட்டுக்குக் குமிழ் மூடி கேளுங்கள். சிலர் எடை குறையும் என்று அலுமினியத் தகட்டில் செய்து ஸ்டெயின்லெஸ் ரிவெட் அடிக்கிறார்கள். உப்பு ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம்தான் அரித்துப்போகும். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, துளை பெரிதாகி ஆடத் தொடங்கும். ஆட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, போல்ட்டுக்கு மெஷின் ஆயில் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகி மணலைப் பிடித்துக்கொள்ளும்.

ஆடிக் காத்தில் கடற்கரையில் ஆடுவது தனிச் சிரமம். பலகையைக் காத்துக்கு நேராகக் காட்டினால் ஒரு கிலோ தூக்கிப் பிடித்த மாதிரி கை இழுபடும். காத்தை முதுகில் வாங்கும் பக்கம் யார் நிற்பது என்று சுற்றுக்குச் சுற்று மாற்றிக்கொள்வது நியாயம்.

கைப்பிடிதான் கடைசியாக முடிவு செய்யவேண்டியது. உருண்டையாகக் கடைந்தால் சுழலும். முட்டை வடிவம் கேளுங்கள், 38-க்கு 28 மி.மீ. பெரும்பாலான கைக்குச் சரியாக வரும். அளவு கொடுக்கப் போகும்போது இரும்புக் கையுறையைக் கையோடு கொண்டுபோய், மாட்டிக்கொண்டே பிடித்துக் காட்டுங்கள். வெறுங்கைக்குச் செய்த பிடியைக் கையுறையோடு பிடித்தால் சுண்டுவிரல் வெளியே நிற்கும்.