பிக்கப் வண்டியில் ஸ்பீக்கர் மாற்றப் போகிறவர்களுக்கு: டோர் பேடுக்குப் பின்னால் நான் கண்டவை

சென்னையில் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களும், கம்பெனியிலிருந்து வந்த ஸ்டீரியோவின் சத்தம் போதவில்லை என்று குறைந்த செலவில் அதை மாற்ற நினைப்பவர்களும், பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஒரு கடையில் ஒரே காலையில் 11,800 ரூபாய் கொடுத்தேன். அங்கே செய்த வேலையைச் சரிசெய்ய மேலும் 5,400 ரூபாய் ஆயிற்று. கடையின் பெயரை நான் எழுதவில்லை. புகார் நிலுவையில் இருப்பது ஒரு காரணம். அந்த ஒரு கடையைத் தவிர்த்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம்.

என் வண்டி இரண்டரை வயதான சிறிய டீசல் பிக்கப். நானே ஓட்டுகிறேன். நள்ளிரவுக்கு மேல் கோயம்பேட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் மேடவாக்கம், தாம்பரம் பக்கத்துக் கடைகளில் இறக்குவது தொழில். அந்த நேரத்தில் கண் அசராமல் இருக்கப் பாட்டு வேண்டும். ஆனால் என்ஜின் இரைச்சலையும் பின்னால் காலி டிரேக்கள் தடதடக்கும் சத்தத்தையும் தாண்டி, கதவுக்கு ஒன்றாக இருந்த இரண்டு காகிதக் கூம்பு ஸ்பீக்கர்களில் பாடுபவரின் குரல் வருவதே பெரும்பாடாக இருந்தது.

எலக்ட்ரானிக்ஸுக்கு ரிச்சி தெரு, கார் அலங்காரத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள் இருக்க, அங்கெல்லாம் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது என்ற சோம்பலில், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் திறந்திருந்த கடையில் நுழைந்தேன். “கம்பெனி ஸ்பீக்கர் வெறும் பேப்பர் அண்ணே. இது நானூறு வாட்ஸ். போட்டுப் பாருங்க, கண்ணாடி அதிரும்” என்றார் கடைக்காரர். காகிதக் கூம்பு என்பது இழிவான பொருளே அல்ல என்பதும், விலை உயர்ந்த ஸ்பீக்கர்களில்கூட அது பயன்படுகிறது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ஸ்பீக்கர் ஜோடி 3,900, சத்தத்தைக் கூட்டும் ‘1800 வாட்ஸ்’ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) 4,900, ஒயரிங் கிட் 1,800, கூலி 1,500. பழைய ஸ்பீக்கர்களை எடுத்துக்கொண்டு 300 ரூபாய் கழித்தார்கள். அந்த 300 ரூபாயைத் தள்ளுபடி என்று நினைத்து மகிழ்ந்தேன். உண்மையில் என் வண்டியில் இருந்த நல்ல பொருளை மலிவு விலைக்கு விற்றுவிட்டு வந்திருக்கிறேன்.

என் பங்குத் தவறையும் சொல்லிவிட வேண்டும். இரவு முழுதும் விழித்திருந்த களைப்பில், “நீங்க டீ சாப்ட்டு வாங்கண்ணே, ரெண்டு மணி நேரம் ஆகும்” என்று பையன் சொன்னதும், கடை வாசல் பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டேன். பார்த்திருந்தால் பாதி நடந்திருக்காது.

வீடு திரும்பும் வழியிலேயே ஏமாற்றம் தொடங்கிவிட்டது. சத்தம் முன்பைவிட அதிகமாக இல்லை என்பதோடு, பேஸ் எனும் தாழ்ந்த ஒலியே காணாமல் போயிருந்தது. தவில், மிருதங்கம் எல்லாம் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்டன. மறுநாள் போய்க் கேட்டபோது, “ஸ்பீக்கர் புதுசுண்ணே, ஓட ஓட செட்டாயிடும்” என்று சொல்லி அனுப்பினார்கள். பத்து நாள் ஓட்டிய பிறகும் ஒன்றும் செட்டாகவில்லை. தற்செயலாக ஒரு நாள் சத்தத்தை இடம் வலமாகப் பிரிக்கும் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் திருப்பியபோது பேஸ் கொஞ்சம் திரும்பி வந்தது. நடுவில் வைத்ததும் மறைந்தது. ஒரு கதவில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாற்றி இணைக்கப்பட்டிருந்தால் இப்படித்தான் நடக்கும்: ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்துக்கொள்ள, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இதைச் சோதிக்கச் சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்றே போதும். ஸ்பீக்கர் ஒயரின் பிளஸ் முனையைச் செல்லின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டால் கூம்பு முன்னால் நகர வேண்டும். என் வண்டியின் வலது கதவில் அது பின்னால் போயிற்று.

அதைத் திருப்பி இணைக்க ஸ்பீக்கரைக் கழற்றியபோதுதான் அதன் எடை கையில் உறைத்தது. நான் காய்கறி இறக்கும் கடையின் மின்னணுத் தராசில் வைத்தேன். 540 கிராம் காட்டியது. பெரிய காந்தம்போல் தெரிந்த பின்பகுதி வெறும் ரப்பர் மூடி. அதை உரித்தால் உள்ளே அரைக் கைப்பிடி அளவுக்கு ஒரு காந்தமும் சுற்றிலும் காலி இடமும் இருந்தன. அட்டைப்பெட்டியில் நாடறிந்த நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தது. ஆனால் பொட்டலப் பொருள்களில் சட்டப்படி இருக்க வேண்டிய அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, மாதமும் ஆண்டும், நுகர்வோர் தொடர்பு எண் ஆகிய எதுவும் இல்லை. அந்தப் பெட்டியைக் கடையிலேயே ஒரு முறை திருப்பிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

வாட்ஸ் கணக்கையும் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். ஓடும் வண்டியில் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட். டேஷ்போர்டில் இருக்கும் சாதாரண ஸ்டீரியோ செட் அதை உயர்த்திக்கொள்ளாமல் அப்படியே பயன்படுத்துவதால், 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒலி சிதையாமல் அது தரக்கூடிய உச்சவரம்பு, 14.4ஐ 14.4ஆல் பெருக்கி, ஓம் எண்ணின் இரு மடங்கான 8ஆல் வகுத்தால் கிடைக்கும் 26 வாட்ஸ்தான். இழப்புகள் போக 20 வாட்ஸை ஒட்டிக் கிடைத்தால் நல்ல செட். முகப்பில் ‘50x4’ என்று எழுதியிருப்பது கண நேர உச்சத்தைக் குறிப்பது. ஆம்புக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது: அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். எனக்குக் கொடுத்ததில் 20 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. 14.4ஐ 20ஆல் பெருக்கினால் 288 வாட்ஸ். அந்த ஆம்ப் மின்கலத்திலிருந்து தொடர்ந்து இழுக்கக்கூடியதே அவ்வளவுதான். அதிலும் பாதிக்கு அருகில் வெப்பமாகப் போய்விடும். மீதியை நான்கு சேனல்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியின் மேல் ‘1800’.

குறைந்த செலவில் ஸ்பீக்கர் மட்டும் மாற்றுகிறவர்கள் கேட்க வேண்டிய எண் வேறு. அதற்கு சென்சிட்டிவிட்டி என்று பெயர். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதைச் சொல்வது. 3 டெசிபல் கூடுதலாக இருந்தால், ஆம்பின் திறனை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு. எனவே கம்பெனி செட்டின் 20 வாட்ஸை வைத்துக்கொண்டு, ‘400 வாட்ஸ்’ தாங்கும் 86 டெசிபல் ஸ்பீக்கரைப் போடுகிறவரைவிட, ‘60 வாட்ஸ்’ தாங்கும் 92 டெசிபல் ஸ்பீக்கரைப் போடுகிறவருக்குச் சத்தம் தெளிவாக அதிகம் கிடைக்கும். தாங்கும் வாட்ஸ் என்பது எரிந்துபோகாமல் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதைத்தான் காட்டுகிறது. சென்சிட்டிவிட்டி எண்ணைக் கேட்டால் முகத்தைப் பார்த்து விழிக்கும் கடையில் நான் இனி வாங்க மாட்டேன்.

இதுவரை சொன்னது பண நட்டம்; பொறுத்துக்கொண்டிருப்பேன். நவம்பர் மழை வந்தபோதுதான் வேறு விதமாக வினை தொடங்கியது. கதவுக் கண்ணாடி இடுக்கின் வழியாக மழைநீர் எல்லா வண்டியிலும் கதவுக்குள் இறங்கும். அது உட்பக்கம் வராமல் அடித்துளைகள் வழியே வெளியேற, கதவின் உட்புறத்தை மூடும் டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கம்பெனியிலேயே ஒட்டி அனுப்புகிறார்கள். கடைப் பையன் அதைக் கிழித்து எறிந்திருக்கிறான். மூன்று நாள் மழையில் என் காலடித் தரைவிரிப்பு ஊறி, வண்டிக்குள் நனைந்த சாக்கு வாடை ஏறிவிட்டது. டோர் பேடைப் பிடிக்கும் க்ளிப்புகளில் பாதி உடைந்திருந்ததால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கதவு பற்களைக் கடிப்பதுபோல் நறநறத்தது.

பொங்கலுக்கு நான்கு நாள் வண்டியை நிறுத்திவைத்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், டக் என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து, பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிவிட்டு, மீட்டரை வைத்துப் பார்த்தார். எல்லாம் அணைந்திருக்கும் வண்டி 50 மில்லி ஆம்பியருக்கு உட்பட்டுத்தான் இழுக்க வேண்டும்; என் வண்டி 450 இழுத்துக்கொண்டிருந்தது. நான்கு நாளுக்கு 43 ஆம்பியர்-மணி. 65 ஆம்பியர்-மணி பேட்டரியில் அதற்கு மேல் டீசல் என்ஜினைச் சுழற்ற என்ன மிஞ்சும்? சாவியைத் திருப்பினால் மட்டும் ஆம்பை எழுப்ப வேண்டிய ஒயரை, எப்போதும் மின்சாரம் இருக்கும் மஞ்சள் ஒயரோடு முறுக்கிவிட்டிருந்தார்கள். ஆம்ப் மூன்று மாதமாக ஒரு நிமிடமும் உறங்கவில்லை.

அவர் செட்டை வெளியே இழுத்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். ஒயர்களைச் செருகி இணைக்கும் கம்பெனி கப்ளர் இல்லை. பொருத்தமான இணைப்பு ஒயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அதை வாங்கிச் செருகாமல், கப்ளரைக் கட்டிங் பிளேயரால் வெட்டி, ஒயர்களைக் கையால் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப் பிசினாக வழுக்கி அவர் விரலோடு வந்தது. பிறகு அவர் பானெட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் தடித்த சிவப்பு ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார். பேட்டரிக்கு அருகே, ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டிய ஃபியூஸ் எங்கேயும் இல்லை. என்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் புதிதாகத் துளை போட்டு, ரப்பர் வளையம்கூட இல்லாமல் ஒயரை நுழைத்திருந்தார்கள். அந்தத் துளையின் விளிம்பில் அவர் விரல் நின்றது. மேலுறை தேய்ந்து உள்ளே உலோகம் பளபளத்தது. செம்பு நிறத்தில் அல்ல, வெள்ளியாக. பிளேடால் ஓர் இழையைச் சுரண்டிக் காட்டினார்: மேலே மெல்லிய செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். “இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருந்தா தகடும் ஒயரும் தொட்டிருக்கும் சார். ஃபியூஸ் இல்ல. அப்புறம் தண்ணி ஊத்தி அணைக்க வேண்டியதுதான்” என்றார். நெடுஞ்சாலையில் நள்ளிரவில் தனியாக ஓட்டுகிறவன் நான்; அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டிக்கு இன்னும் ஆறு மாதம் வாரன்டி இருந்தது. சர்வீஸ் சென்டரில் வெட்டிய ஒயரிங்கைப் பார்த்ததுமே, மின்சாரப் பகுதி எதற்கும் இனி வாரன்டி பேச முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அவர்கள் மேல் தவறு சொல்ல முடியவில்லை.

கடைக்கு மூன்று முறை போனேன். முதல் முறை ‘பையன் வேலையை விட்டுப் போய்ட்டான்’, இரண்டாம் முறை ‘முதலாளி ஊரில் இல்லை’, மூன்றாம் முறை ‘பில் இருக்கா?’ என் கையில் இருந்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டு, ஜி.எஸ்.டி. எண்ணோ கடை முத்திரையோ அதில் இல்லை. ‘பில் போட்டா டாக்ஸ் ஏறும்’ என்று அன்றைக்குச் சொன்னபோது தலையாட்டியது நானேதான். நல்லவேளையாகப் பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தேன். அந்தப் பதிவும், நான் தூங்கப் போகுமுன் பொருள்களை எடுத்த புகைப்படமும்தான் இப்போது என் சாட்சிகள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். கடையிடமிருந்து பதில் வரவில்லை. ஸ்பீட் போஸ்டில் அனுப்பிய நோட்டீஸுக்கும் மௌனம்தான். சரக்கு வண்டி என்பதால் நான் ‘நுகர்வோர்’ ஆகமாட்டேன் என்று சிலர் பயமுறுத்தினார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவர்களை விலக்குவது உண்மைதான். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துபவரை அந்த விலக்கில் சேர்க்கவில்லை. சொந்த வண்டியைத் தானே ஓட்டும் என்னைப் போன்றவர்கள் அந்தப் பயத்தில் புகாரைக் கைவிட வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, நம் வீடு இருக்கும் மாவட்டத்திலேயே பதியலாம், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். என் மனு போன மாதம் உள்ளே போயிருக்கிறது.

வண்டியின் இன்றைய நிலை இது. எலக்ட்ரீஷியன் வேறு கப்ளர் வைத்து ஒயர்களை ஒவ்வொன்றாகச் சால்டர் செய்து கொடுத்தார். என் வண்டிக்கு வந்த அதே கம்பெனி ஸ்பீக்கரில் ஒரு பழைய ஜோடியைப் புதுப்பேட்டையில் 800 ரூபாய்க்கு வாங்கினேன். இம்முறை அந்தக் கடிகாரச் செல்லை எடுத்துப் போய், கூம்பு நகர்வதைக் கடையிலேயே பார்த்தேன். கதவுத் தகட்டில் இருந்த துளைகளைப் பியூட்டைல் எனும் ஒட்டும் ரப்பர் ஷீட்டால் ஒட்டி அடைத்தோம். மழைநீரும் நின்றது, கூம்பின் பின்பக்கக் காற்று முன்பக்கம் ஓடி வராததால் பேஸும் திரும்பியது. ஆம்ப் இல்லாமலே, தாம்பரம் வரை எனக்குப் போதுமான சத்தம் வருகிறது. அந்த ‘1800 வாட்ஸ்’ பெட்டியை ஆணையத்தில் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். உரித்த காந்தமும், தேய்ந்த அந்தச் சிவப்பு ஒயரும் அதனுடனே இருக்கின்றன.